பழைய பிளேசருக்குப் புது பட்டன்: தங்கமா, வெள்ளியா, கொம்பா?

கேள்வி, ஜூன் 3

"கை மாறி வந்த பழைய நேவி புளூ பிளேசர் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் இரண்டு பட்டன், கைக்கு நான்கு நான்கு. எல்லாம் பித்தளை. முன்பக்கத்தில் ஒன்று இல்லை, வலது கையில் ஒன்று நசுங்கிப்போயிருக்கிறது. அதே மாதிரி இரண்டைத் தேடிப் பிடிக்கவா, பத்தையும் மாற்றிவிடவா? மாற்றினால் தங்க நிறமா, வெள்ளி நிறமா, கொம்பா?"

ஜூன் 3, இரவு

நிறத்தை இப்போதைக்கு விடுங்கள். இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் தங்கமா வெள்ளியா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அது கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. பழைய கோட்டுக்குப் பட்டன் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை காஜாவுக்கு, அடுத்தது துணிக்கு. இந்த இரண்டும் விட்டு வைத்த இடத்தில்தான் நம் ரசனைக்கு வேலை.

அதற்கும் முன்னால், கோட்டுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள். பல கோட்டுகளில் உபரி பட்டனை உள்பை ஓரத்திலோ பக்கத் தையலிலோ தைத்து வைத்திருப்பார்கள். அங்கே இல்லையென்றால் பைகளைப் பாருங்கள். பைத்துணியில் ஓட்டை விழுந்திருந்தால் பட்டன் அதன் வழியே இறங்கி, லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவில், கீழ் மடிப்பில் போய் உட்கார்ந்திருக்கும். கீழ் விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவிக்கொண்டே போனால் தட்டுப்படும். எனக்கு ஒரு கோட்டில் அப்படிக் கிடைத்தது. கூடவே யாரோ கிழித்துக் கொடுத்த பழைய டிக்கெட் துண்டு ஒன்றும். பட்டனைவிட அந்தத் துண்டைத்தான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜூன் 4

காஜா எவ்வளவு நீளம் என்று கேட்டால் பட்டன் எவ்வளவு அகலம் என்று பதில் வருகிறது. இரண்டும் வேறு. பட்டன் காஜாவுக்குள் படுத்துக்கொண்டு போவதில்லை, சாய்ந்து நுழைகிறது. அதனால் குறுக்களவோடு தடிமனும் சேர வேண்டும். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் என்றால் காஜா ஏறக்குறைய 23 மி.மீ. இருக்க வேண்டும்.

குவிந்த உலோகப் பட்டனுக்கு இந்தக் கூட்டல் சரியாக வராது. ஒரு மெல்லிய காகிதப் பட்டையை பட்டனின் நடுவே, முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இரு முனையும் சந்திக்கிற இடத்தில் கிள்ளி, விரித்து அளந்து, பாதியாக்குங்கள். அந்தப் பாதிதான் காஜாவின் நீளம். உங்களுக்கோ காஜா ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, ஆகவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: இருக்கிற காஜாவை அளந்துகொண்டு, அதற்குள் அடங்குகிற பட்டனைத் தேடுங்கள். அளக்கும்போது தையலின் வெளிவிளிம்பை எடுக்காதீர்கள், உள்ளே திறக்கிற வாயை எடுங்கள்.

கடைக்காரர்கள் 'லைன்' கணக்கில் பேசுவார்கள். ஓர் அங்குலத்துக்கு 40 லைன், ஆகவே ஒரு லைன் 0.635 மி.மீ. ஆண்கள் கோட்டில் முன்பக்கத்துக்கு வழக்கமாக 32 லைன், அதாவது சுமார் 20 மி.மீ. கைக்கு 24 லைன், சுமார் 15 மி.மீ. பழைய கோட்டுகள் இந்த வழக்கத்தை மதிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 30-ம் வரும், 36-ம் வரும். அரை மி.மீ. வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம். இரண்டு மி.மீ. என்றால் யோசிக்க வேண்டும்.

ஜூன் 4, கொஞ்சம் கழித்து

அளவைப் பற்றி இன்னொன்று. இருக்கிற பட்டன் ஒன்றை லேசாகத் தூக்கி அடியில் பாருங்கள். பல வருஷம் வெளிச்சம் பட்ட துணியில், பட்டனுக்குக் கீழே மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கும். வெளியே வெளுத்த நீலம், உள்ளே கறுப்பை ஒட்டிய நீலம், நடுவில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம். புது பட்டன் பழையதைவிட ஒரு மி.மீ. சிறியதாக இருந்தாலும் அந்த வட்டம் எட்டிப் பார்க்கும். ஆகவே வெளுத்த கோட்டுக்குக் காஜா மேல் எல்லையைச் சொல்கிறது, இந்த வட்டம் கீழ் எல்லையைச் சொல்கிறது. நடுவில் மிஞ்சுகிற இடம் பெரும்பாலும் ரொம்பக் குறுகல். நல்லதுதான், கடையில் நிற்கிற நேரம் குறையும்.

வட்டமே தெரியவில்லை என்றால் கோட்டை யாரும் அதிகம் போடவில்லை, அல்லது பட்டனை ஏற்கெனவே யாரோ மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் என்பதற்கு, பட்டனைச் சுற்றி ஆள் இல்லாத ஊசித் துளைகள் சாட்சி சொல்லும்.

ஜூன் 6

இரண்டைத் தேடுவதா, பத்தையும் மாற்றுவதா.

என் வழி இது. கண் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை ஒப்பிடும், தூரத்தில் இருப்பதை மன்னித்துவிடும். முன்பக்கத்து இரண்டு பட்டனும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறினாலும் உடனே தெரியும். கையில் வரிசையாக நிற்கிற நான்கில் ஒன்று மாறினாலும் தெரியும். ஆனால் முன்பக்கத்து ஜோடி ஒரு வார்ப்பு, கை வரிசை வேறு வார்ப்பு, நிறச் சாயல் மட்டும் ஒத்திருக்கிறது என்றால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் பத்தும் ஒரே குடும்பமாக வேண்டியதில்லை. முன்பக்கத்து இரண்டை மட்டும் புதிதாக வாங்கலாம்.

கைக்கு அதைவிட எளிய வழி உண்டு. நசுங்கியதை எடுத்துவிடுங்கள். இடது கையிலும் மேலே இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டு, கைக்கு மூன்று மூன்றாகக் கீழிருந்து நெருக்கித் தையுங்கள். மூன்று பட்டன் கை என்பது சரியான, பழகிய கணக்குதான். கையில் நல்ல பட்டன் ஒன்று மிச்சமாகும், அது உங்கள் உபரி. ஒரே நிபந்தனை: கையில் உள்ளவை சும்மா எம்பிராய்டரி போட்ட பொய்க் காஜாவாக இருந்தால், பட்டன் போன இடத்தில் அந்தத் தையல் தெரியும், அதைப் பொறுமையாகப் பிரித்தெடுக்கலாம். நிஜமாகவே வெட்டித் திறந்த காஜா என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

மூன்று பட்டன் கோட்டாக இருந்து, மேல் காஜா லேப்பலுக்குள் (மார்புப் பக்கம் வெளியே மடிந்திருக்கிற பகுதி) சுருண்டுபோகிற தையலாக இருந்தால் இன்னும் சுலபம். அந்த மேல் பட்டனைக் கழற்றி, தேவையான இடத்தில் வையுங்கள். மேலே கிட்டத்தட்ட ஒத்துப்போகிற எதையாவது தையுங்கள். அதை யாரும் போடப்போவதில்லை.

ஜூன் 7

இரட்டை வரிசைப் பட்டன் கோட்டுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கேதான் திருடுவதற்கு நல்ல வசதி. ஆறு பட்டன் இருந்தாலும் நிஜமாக வேலை செய்வது ஒன்றோ இரண்டோ, மற்றவை அலங்காரம். உள்பக்கம் கோட்டைப் பிடித்து நிறுத்த ஒரு பட்டன் இருக்குமே, பல கோட்டில் அது சாதா பிளாஸ்டிக். உங்கள் கோட்டில் அதுவும் பித்தளையாக இருந்தால் முதலில் அதைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும், அளவு ஒத்துவந்தால்.

ஜூன் 9

இன்று எடையைப் பற்றி. இதை யாரும் பேசுவதே இல்லை.

பித்தளை பட்டனில் இரண்டு ஜாதி. ஒன்று முழுதாக வார்த்தது. இன்னொன்று இரண்டு துண்டு: முன்னால் மெல்லிய தகட்டு ஓடு, பின்னால் ஒரு தட்டு, ஓட்டின் விளிம்பை மடித்துத் தட்டின் மேல் நெரித்திருப்பார்கள், உள்ளே காலி. பின்பக்கம் விளிம்பு மடிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் கை பட்டன் நசுங்கியது இந்த ஓட்டு ரகம் என்பதால்தான்; வார்த்த பட்டன் கீறும், சுலபத்தில் நசுங்காது.

கனமான ஃப்ளானல் (மெத்தென்ற கம்பளித் துணி) கோட்டு வார்த்த பட்டனைத் தாங்கும். கோடைக்கென்று நெய்த மெல்லிய கம்பளி, லினன், பருத்தி எல்லாம் தாங்காது. பட்டன் தலையைத் தொங்கப் போடும், தைத்த இடத்தில் துணி குழியும், சில மாதத்தில் அந்த இடமே கூடாரமாகிவிடும். சோதிப்பது சுலபம். கோட்டை ஹேங்கரில் மாட்டி, பட்டனை நூலால் தற்காலிகமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முன் விளிம்பின் கோடு நேராக நிற்கிறதா, பட்டன் இருக்கிற இடத்தில் உள்ளே இழுக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

கையில் எடுத்ததும் கனமாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று நமக்கெல்லாம் ஓர் எண்ணம். பாத்திரத்துக்குச் சரி. பட்டனைச் சுமப்பது நீங்கள் இல்லை, துணி.

இன்னொன்று, காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். கீறல் விழுந்தால் துருப்பிடிக்கும், துரு துணியில் இறங்கினால் போகாது.

ஜூன் 9, பிற்பகல்

காந்தத்தைப் பற்றி ஒருவர் நல்ல குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார்: ஒட்டாவிட்டால் பித்தளை என்று அர்த்தமா? இல்லை. அலுமினியமும் ஒட்டாது, துத்தநாகக் கலவையும் ஒட்டாது. காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், பித்தளைக்குச் சான்றிதழ் தராது. பித்தளை மேல் தடிமனாக நிக்கல் முலாம் பூசியிருந்தால் காந்தம் லேசாக இழுக்கவும் கூடும். பின்பக்க வளையத்துக்கு அருகே, யார் கண்ணிலும் படாத இடத்தில் சுரண்டிப் பார்ப்பதுதான் நிச்சயம். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் தெரிந்தால் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 12

சின்னம் பொறித்த பட்டன். இதில் சண்டை வரும் என்று தெரியும், வரட்டும்.

ஒரு படைப்பிரிவின், கல்லூரியின், படகுக் குழுவின் சின்னம் உள்ள பட்டனை அதில் இல்லாதவர் போடலாமா? கோட்டோடு வந்த பட்டன் என்றால் போடலாம் என்பேன், அது கோட்டின் வரலாறு. வெறும் கோட்டுக்குத் தேடிப் போய் அதை வாங்கித் தைப்பது வேறு. சட்டம் பற்றிச் சொல்லவில்லை. என்றைக்காவது ஒருவர் முகம் மலர்ந்து வந்து "நீங்கள் எந்த வருஷம்?" என்று கேட்பார். அந்த அரை நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். வெறும் நங்கூரம் பொதுச் சொத்து, அதற்கு யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நங்கூரத்துக்கு மேல் கிரீடம் ஏறிவிட்டால் அது ஏதோ ஒரு கடற்படையின் சொத்தாகிவிடுகிறது.

கிரீடம் என்றதும் ஒரு சுவாரசியமான விஷயம். பிரிட்டிஷ் பட்டனில் உள்ள கிரீடத்தின் வளைவை உற்றுப் பாருங்கள். மேல் வளைவு உருண்டு நின்றால் அது டியூடர் கிரீடம், 1901 முதல் இரண்டாம் எலிசபெத் பட்டமேற்கும் காலம்வரை ஆண்ட அரசர்கள் காலத்தது. வளைவின் நடுப்பகுதி உள்ளே அமுங்கியிருந்தால் புனித எட்வர்டு கிரீடம், எலிசபெத் காலத்தது. கோட்டின் வயதையும் பட்டனின் வயதையும் ஒத்துப் பார்க்க இது நல்ல வழி. 2022-ல் மூன்றாம் சார்லஸ் மறுபடி டியூடர் வடிவத்துக்கே போய்விட்டார், ஆகவே உருண்ட வளைவு இருக்கிறது என்பதற்காக மட்டும் "எழுபது வருஷப் பழசு" என்று சொல்கிறவர்களிடம் பணத்தை நீட்டாதீர்கள்.

பட்டனின் பின்பக்கத்தையும் படியுங்கள். செய்த நிறுவனத்தின் பெயர், சில சமயம் ஊரும் இருக்கும். லண்டனின் ஃபர்மின் 17-ம் நூற்றாண்டிலிருந்து வருகிற பெயர், அமெரிக்காவின் வாட்டர்பரி 1812-லிருந்து. பின்பக்கம் மொட்டையாக இருந்தால் மட்டம் என்று அர்த்தமில்லை, துப்பு இல்லை என்று மட்டும் அர்த்தம்.

ஜூன் 12, இரவு

சின்னம் இல்லாமலே பட்டன் ஆளைக் காட்டிக்கொடுக்கும் இடமும் உண்டு. பிரிட்டிஷ் காவல் காலாட்படைகள் ஐந்தும் சிவப்புச் சீருடைதான் போடுகின்றன. தூரத்திலிருந்து எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டன் இடைவெளியை வைத்து. கிரெனடியர் ஒற்றை ஒற்றையாகச் சீரான இடைவெளியில், கோல்ட்ஸ்ட்ரீம் இரண்டிரண்டாக, ஸ்காட்ஸ் மூன்று மூன்றாக, ஐரிஷ் நான்கு நான்காக, வெல்ஷ் ஐந்தைந்தாக. நீங்கள் கையில் நான்கை மூன்றாக்கினால் யாரும் உங்களை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

ஜூன் 15

உலோகம் அல்லாதவை. கேள்வி கேட்டவர் கொம்பையும் சொன்னாரே, அதை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது அதில் பேச நிறைய இருப்பதால்தான்.

எருமைக் கொம்பு பட்டன் ஒவ்வொன்றும் தனி. ஒரே பெட்டியில் வருகிற பத்தையும் மேஜையில் பரப்பினால் ஒன்று தேன் நிறம், ஒன்று கறுப்பு, ஒன்றில் புகை படர்ந்த கோடு. வாங்கும்போது முதலில் நிறம் ஒத்துப்போகிற இரண்டை முன்பக்கத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கைக்குப் பிரிக்க வேண்டும். பத்தும் அச்சாக ஒரே மாதிரி, கோடு வளைகிற இடம்கூட ஒன்றே என்றால் அது பாலியெஸ்டர். நல்ல பாலியெஸ்டர் பட்டனில் எனக்கு விரோதம் கிடையாது. தண்ணீருக்கும் இஸ்திரிக்கும் கொம்பைவிட அது நன்றாக ஈடுகொடுக்கும். கொம்பு என்று சொல்லி விற்கும்போதுதான் கோபம் வருகிறது.

கொரோஸோ என்று ஒன்று விற்கிறார்கள். ஈக்வடார் பக்கத்தில் விளைகிற தாகுவா பனையின் கொட்டை அது, காய்ந்தால் தந்தம் மாதிரி இறுகிவிடும். சாயத்தை நன்றாக வாங்கும். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் கைரேகையை ஒத்த மெல்லிய வளையக் கோடுகள் தெரியும். தண்ணீரில் ஊறவிட்டால் உப்பும், காயும்போது சில சமயம் விரிசல் விடும். பிளேசரை யாரும் வாளியில் ஊறப்போடுவதில்லை, ஆகவே கவலையில்லை.

1920, 30-களின் கோட்டில் பளபளப்பான, கொம்பும் இல்லாத பிளாஸ்டிக்கும் இல்லாத ஒன்று இருந்தால் அது கேசீனாக இருக்கலாம். பாலின் புரதத்தை ஃபார்மலினில் இறுக்கிச் செய்வது, 1899-ல் காப்புரிமை பெற்றது, கேலலித் என்று பெயர். நீராவி இஸ்திரி பட்டால் வளையும். அப்படிப்பட்டதைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைச் சலவைக்குக் கொடுங்கள்.

சிப்பி பட்டன் வெளிர் நிறக் கோடைக் கோட்டுக்கு அழகு. நேவிக்குப் புகை நிறச் சிப்பி பொருந்தும், வெள்ளைச் சிப்பி சட்டையிலிருந்து கழன்று வந்து ஒட்டிக்கொண்டது என்றே தோன்றும். தோல் முடிச்சு பட்டன் முரட்டு ட்வீட் கோட்டோடு நிற்கட்டும், இங்கே வேண்டாம்.

ஜூன் 16

"சூடான ஊசியால் குத்திப் பாருங்கள், முடி கருகுகிற வாசனை வந்தால் கொம்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாசனை உண்மைதான், கொம்பும் முடியும் கெராட்டின் என்கிற ஒரே புரதம். கேசீன் என்றால் பால் தீய்ந்த வாசனை வரும். ஆனாலும் பழைய பட்டனில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அது செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது, விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு விளையாடுகிற சமாசாரம் இல்லை. அப்படியே தீப்பிடிக்காவிட்டாலும் நல்ல பட்டனில் ஒரு கரும்புள்ளி மிஞ்சும்.

ஊசி இல்லாமலே பாதி தெரிந்துவிடும். பல்லில் மெதுவாகத் தட்டுங்கள்: சிப்பி கல் தட்டுகிற சத்தம் தரும், பிளாஸ்டிக் மந்தமாகக் கேட்கும். கன்னத்தில் வையுங்கள்: சிப்பியும் உலோகமும் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கொம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெளிர்ந்த இடங்களில் ஒளி ஊடுருவும். கடையில் பட்டனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 20

சரி, நிறம்.

பித்தளையில் கெட்டுப்போவது தங்க நிறத்தால் இல்லை, புதுமையால். வெளுத்து மென்மையாகிவிட்ட பழைய நீலத்தில் பளபளவென்று புது முலாம் பட்டனை வைத்தால், பார்க்கிறவர் கண் பட்டனிலேயே நின்றுவிடும், கோட்டைப் பார்க்காது. கோட்டின் வயதுக்கு ஏற்ற மங்கல் வேண்டும். பழைய பட்டன் கிடைத்தால் நல்லது. புதிது என்றால் மேலே லாக்கர் பூச்சு (மங்காமல் காக்கிற, வார்னிஷ் மாதிரியான பூச்சு) இல்லாததை வாங்குங்கள், காற்றிலேயே தானாக மங்கும். லாக்கர் பூசியதை அசிட்டோனில் துடைத்து எடுக்கலாம், துணியில் தைக்கும் முன்னால்.

வெள்ளி நிறம் சாம்பல் கோட்டுக்கும் வெளிர் நீலத்துக்கும் நன்றாக உட்காரும். கருநீலத்தில் அது கொஞ்சம் சீருடைத்தனமாகிவிடுகிறது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் உண்டு.

என் சொந்த ஆசை என்று கேட்டால், மங்கலான கருப்பழுப்புக் கொம்பு. நேவி பிளேசரின் விறைப்பெல்லாம் அதில் போய், எந்தக் கால்சட்டையோடும் போடக்கூடிய கோட்டாகிவிடும். ஆனால் இங்கேதான் ஜூன் 4-ம் தேதி சொன்ன காஜா திரும்பி வருகிறது. குவிந்த பித்தளைக்காக வெட்டிய காஜாவில் தட்டையான கொம்பைப் போட்டால் இடம் மிச்சமாகும். பழைய காஜா வேறு இழுத்து இழுத்துத் தளர்ந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் பட்டன் தானாகக் கழன்றுகொள்ளும். ஒரு மி.மீ. பெரிய பட்டன் எடுங்கள், அல்லது காஜாவின் உள் முனையில் இரண்டு மூன்று தையல் போட்டு வாயைக் குறுக்குங்கள். எதிர்த்திசை இதைவிட மோசம்: தட்டைப் பட்டனுக்கு வெட்டிய காஜாவில் குவிந்த உலோகத்தைத் திணித்தால் காஜாவின் விளிம்பு நூல் பிரிந்து வாயே கிழியும்.

வாங்கும் முன் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றே ஒன்று வாங்கி, நூலால் கட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள். பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், மஞ்சள் விளக்கிலும் பாருங்கள். கையில் வைத்து ரசித்த பட்டன் வேறு, மூன்றடி தள்ளித் துணிமேல் நிற்கிற பட்டன் வேறு.

ஜூன் 23

பாலிஷ் பற்றிச் சுருக்கமாக. தூய பித்தளையைத் தேய்க்கலாம். தங்க முலாம் பூசியதைப் பாலிஷ் பசையால் தேய்த்தால் முலாம்தான் கரைந்து போகும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கோட்டில் இருக்கும்போதே தேய்ப்பதென்றால் ஓர் அட்டையில் பிளவு வெட்டி, பட்டனின் கழுத்தில் நுழைத்து, துணியை மூடிவிட்டுத் தேயுங்கள். சிப்பாய்கள் இதற்கென்றே பிளவுள்ள உலோகப் பட்டை வைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் பச்சைக் களிம்பு இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் தைக்காதீர்கள், ஈரம் பட்டால் துணியில் இறங்கும்.

ஜூன் 28

தைப்பது. பட்டன் தேர்வைப் பேசிக்கொண்டிருக்கும்போது தையல் எதற்கு என்றால், தேர்வில் பாதி பின்பக்க வளையத்தில் இருக்கிறது.

என்னிடம் ஒரு நல்ல பித்தளை பட்டன் என்ன நூல் போட்டாலும் அறுத்துக்கொண்டு விழுந்துகொண்டே இருந்தது. நூல்தான் சரியில்லை என்று கனமான நூல், மெழுகு தடவிய நூல் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு நாள் பூதக்கண்ணாடியில் வளையத்தைப் பார்த்தால், கம்பியின் இரு முனை சேர்கிற இடத்தில் முடி அளவு ஒரு பிசிறு, வெட்டுக்கத்தி மாதிரி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நைஸான எமரித் தாளைத் திரியாகச் சுருட்டி உள்ளே விட்டு ஆட்டினேன், தீர்ந்தது. ஆகவே கடையிலேயே ஒரு நூலை வளையத்தில் விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறினால் வேறு பட்டன்.

வளையத்தின் திசையும் முக்கியம். வளையம் காஜாவின் போக்கிலேயே படுத்திருக்க வேண்டும், குறுக்கே நின்றால் காஜா வாயைப் பிளக்கும். படம் பொறித்த பட்டனில் வளையத்தை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: நங்கூரம் நிமிர்ந்து நிற்கும்போது வளையம் கிடையாக இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் என்ன தைத்தாலும் ஒன்று காஜா கெடும், இல்லை கப்பல் கவிழும்.

துளை உள்ள பட்டனுக்கு நூல் கழுத்து வைக்க வேண்டும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, நடு நூலைச் சுற்றி இறுக்கினால் கழுத்து. மேலே வந்து படிகிற முன்பக்கத்தின் தடிமன் அளவு உயரம் போதும். கைப் பட்டனுக்குக் கழுத்து வேண்டாம், மேலே எதுவும் படிவதில்லையே. முன்பக்கத்து உலோகப் பட்டனுக்கு வளையமே கழுத்து, ஒட்டித் தையுங்கள், உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பட்டனைத் தாங்கலாக வைத்து. எடை துணியில் இழுக்காமல் அந்தத் தாங்கலில் போய் நிற்கும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து, இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டுவிட்டால் முறுக்கு அவிழாது.

பழையதைக் கழற்றும்போது கத்தரியைத் துணிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அட்டையை அடியில் நுழைத்து, அட்டைக்கும் பட்டனுக்கும் நடுவில் வெட்டுங்கள்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார்: காஜா 24 மி.மீ., துணியில் உள்ள வட்டம் 20 மி.மீ., பழைய பட்டன் ஓட்டு ரகம். அப்படியென்றால் உங்களுக்கு முடிவு கிடைத்துவிட்டது. முன்பக்கத்துக்கு 32 லைனில் இரண்டு, உள்ளே காலியான இரண்டு துண்டு பித்தளை, சின்னம் இல்லாதது, லாக்கர் இல்லாதது. கையை மூன்று மூன்றாக்குங்கள். முன்பக்கத்தில் மிஞ்சிய பழைய ஒற்றை பட்டனை உள்பை ஓரத்தில் தைத்து வைத்துவிடுங்கள், கோட்டை அடுத்து வாங்குகிறவர் தேடட்டும்.

ஜூலை 2, இரவு

சலவைக்குக் கொடுக்கும்போது என்ன செய்வது என்று கேட்டவருக்கு: உலோகப் பட்டனை அலுமினியத் தாளால் மூடிக் கொடுக்கலாம், கீறல் விழாது. கொம்புக்கும் சிப்பிக்கும் அது போதாது, கழற்றிவிட்டுக் கொடுப்பதே நல்லது. பத்து பட்டனைக் கழற்றித் திரும்பத் தைக்க யாருக்குப் பொறுமை என்றால், பிளேசரைச் சலவைக்கு அனுப்புவதைக் குறையுங்கள். பிரஷ் போட்டுக் காற்றில் மாட்டினால் பெரும்பாலும் அதுவே போதும்.